எர்ணாவூர் முனையில் ரெக்கை

இரவு பதினொன்றே முக்காலுக்கு
ஃபீடரை அணைத்து எல்.சி. கொடுக்கச் சொல்லி
எனக்குத்தான் போன் வந்தது.
காத்தாடி ரெக்கை ஒன்று
காட்டுப்பள்ளியில் இறங்கி
கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வருகிறதாம்.
நம் முனையில் கம்பி தாழ்வாம்,
உரசிவிட்டால் கோடிக்கணக்கில் போய்விடுமாம்.

கம்பி தாழ்வு என்று
மூன்று வருடமாக நான் எழுதிக் கொடுக்கிறேன்.
அப்போது அதன் கீழே
பிள்ளைகள் மட்டும்தான் நடந்துபோனார்கள்.

அணைத்தேன்.
காற்றாலை கடந்து போவதற்காக
தெருத்தெருவாக ஃபேன் நின்றது.
வீடுகள் பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தன.
கொசு முதலில் வந்தது, பிறகு திட்டு,
அதற்கும் பிறகுதான்
சிவப்பு விளக்கு கட்டிய அந்த வெள்ளை நீளம்.

யாரும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
பெரிதாக எது வந்தாலும் எங்கள் ஊர்
முதலில் வாய் மூடித்தான் பார்க்கும்.
அனல் நிலையம் வந்தபோதும் அப்படித்தானாம்.

"சுறா மாதிரி இருக்குதே" என்றாள்
இறால் கடை பரிபூரணம்.
"அறுத்தா எத்தினி கூறு தேறும்?"
இருட்டில் யாரோ சொன்னான்:
"அறுத்தாச்சுக்கா. டெண்டர்லயே கூறு போட்டாச்சு.
நம்ம கண்ணுக்கு வர்றது முள்ளு."
வண்டியின் முகப்பில் கட்டியிருந்த பேனரில்
பசுமை என்ற சொல் மட்டும்
டார்ச் வெளிச்சத்துக்கு எட்டியது.

லாரி திரும்பவில்லை.
எத்திராஜின் டீக்கடைத் தகரத்தைக் கழற்றினார்கள்.
ஐயாயிரத்துக்குக் கையெழுத்து,
கையில் மூன்று.
மீதி காற்றோடு போச்சு என்று சிரித்தான்,
சிரிக்கிற முகமாக இல்லை அது.

நான் கயத்தாறில் ஆறு மாதம் இருந்திருக்கிறேன்.
ஆடிக் காற்று அம்மியை நகர்த்தும் நேரம் பார்த்து
போன் வரும்: குறை, இன்னும் குறை, நிறுத்து.
எரித்தாலும் எரிக்காவிட்டாலும்
கரிக்காரனுக்குக் காசு எண்ணி வைக்கவேண்டும்,
அப்படி எழுதப்பட்ட தாள் ஒன்று
எங்கோ ஒரு பீரோவில் இருக்கிறது.
காற்றுக்குத் தாள் கிடையாது.
வந்த காற்றை வாசலோடு அனுப்பிவிடலாம்.
அங்கே மூன்று கைகளையும் மடக்காமல்
சும்மா நின்றுகொண்டிருக்கும் காத்தாடிகளை
அன்றைக்கு மனிதர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது.
எனக்கு இந்த ரெக்கை வேண்டும்.
கொடியில் காயும் என் மகளின் பள்ளிச் சட்டையை
மாலையில் உதறினால் சாம்பல் விழுகிறது.
ஓடையில் கால் வைத்தால் முழங்கால் வரை சாம்பல்.
இது போய் நின்று சுற்றினால்
ஒரு பிடி சாம்பலாவது குறையாதா என்று
தகரம் கழற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

பரிபூரணம் கரண்ட் பில்லை நீட்டினாள்,
அந்த இருட்டிலும் மடியில்தான் வைத்திருந்தாள்.
"இதுல காத்துக்கு எவ்ளோ, கரிக்கு எவ்ளோ,
கூறு எடுத்தவனுக்கு எவ்ளோ? பிரிச்சுச் சொல்லு."
பில்லில் ஸ்லாப் மட்டும்தான் வரும் என்றேன்.
"அப்ப உன் கூலி எதுல வருது?"
ஒப்பந்தக்காரர் கணக்கில்.
அதற்கும் ஸ்லாப் இல்லை.

இரண்டரைக்கு ரெக்கை திரும்பியது.
அதன் நுனி மசூதித் தெரு மொட்டைமாடிகளைத் தாண்டி
தூங்கியவர்கள் தலைமேல் மெதுவாகப் போனது.
யார் மீதும் காற்று படவில்லை.

எல்.சி. திருப்பி வாங்கி ஃபீடரைப் போட்டால்
நாலாவது தெரு வரவில்லை. ஃபியூஸ்.
கம்பத்தில் ஏறினேன்.
மேலிருந்து பார்த்தால்
மணலிப் பக்கம் அந்தச் சிவப்பு விளக்கு,
இந்தப் பக்கம் புகைபோக்கியின் விளக்கு.
புகை சாயாமல் நேராக நின்றது.

கீழே பரிபூரணம் ஃப்ரீசரைத் திறந்து
ஒவ்வொரு இறாலாக எடுத்து
மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.